சக்கரங்களின் சரித்திரம் – 17: ராஜ்கோட்டின் காவி நிற ரோல்ஸ்ராய்ஸ்

தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் 1912இல் ஓடத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பஸ்ஸோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். உதிர்ந்து கிடந்த லாட ஆணிகள் டயரைப் பதம் பார்த்ததால், காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு அவர் ஆணி பொறுக்கினார் என்று சொல்லப்படும் கதையையும் பார்த்தோம். அவர் மதுரையில் காலூன்றிய கதைக்குப் போகும் முன், இந்த ஒரு வாரம் கொஞ்சம் வழி விலகுகிறேன். போகிற ஊர் கத்தியவாரில் உள்ள ராஜ்கோட். பார்க்கப்போவது ஒரே ஒரு கார்.

மதுரைத் தொடரில் ராஜ்கோட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. மகாலைச் சுற்றியும் பத்துத்தூண் சந்திலும் முனிச்சாலைப் பக்கமும் வாழும் நம் சௌராஷ்டிர மக்கள், தங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த சீமை என்று சொல்லும் நிலம் அதுதான். 2023 ஏப்ரலில் சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமத்துக்காக மதுரையிலிருந்து சோமநாதபுரத்துக்குத் தனி ரயிலே விட்டார்கள். இன்னொரு பதில் மேலமாசி வீதியில் இருக்கிறது. ராஜ்கோட்டில் பள்ளிக்கூடம் போன ஒரு பையன், பிற்பாடு அந்த வீதியில் ஒரு குஜராத்தி வியாபாரியின் வீட்டு மாடியில் தங்கி, 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டு நாலு முழத் துண்டுக்கு மாறினார். அவருக்கும் இந்தக் காரின் முதல் சொந்தக்காரருக்கும் 1939இல் நேருக்கு நேர் மோதல். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் கார்.

அந்தக் காலத்து மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பிளஷர் என்றால் பெரும்பாலும் அமெரிக்க வண்டிதான். செவர்லே, பியூக், ஃபோர்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928இல் பம்பாய் சிவ்ரியில் பாகங்களை இறக்கிப் பூட்டும் தொழிற்சாலையைத் திறந்தது. அந்த வண்டிகளை நம் பக்கத்தில் விற்றதும் பழுது பார்த்ததும் டி.வி.எஸ். ஜமீன்தாரோ மில் முதலாளியோ பெரிய வக்கீலோ, யார் வாங்கினாலும் அடிப்பாகம் உயரமாக, வண்டிப்பாதையில் இறங்கி ஏறக்கூடியதாக, உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்கக்கூடியதாகப் பார்த்துத்தான் வாங்கினார்கள். கண்மாய்க் கரையிலும் மாட்டுவண்டித் தடத்திலும் ஓடவேண்டிய காருக்கு அது போதும்.

ரோல்ஸ்ராய்ஸ் வேறு ஜாதி. 1930களில் அந்தக் கம்பெனியிடம் கார் வாங்கினால் கிடைப்பது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம் மட்டும்தான். அதன்மேல் உடலைக் கட்டுவது வேறு பட்டறையின் வேலை. இன்றும் லேலண்டு சேஸிஸைக் கரூருக்கு ஓட்டிப்போய் பாடி கட்டிக்கொண்டு வருகிறார்களே, அதே ஏற்பாடுதான். என்ன, அங்கே ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைப்பார்கள். தோல், மரப்பலகை, வண்ணம் எல்லாம் சொந்தக்காரர் விருப்பம். ஆகவே அடிச்சட்டம் ஒரே ரகமாக இருந்தாலும் ஒரு கார் மாதிரி இன்னொரு கார் இருக்காது.

ராஜ்கோட்டுக்கு வந்தது 1934ஆம் வருஷத்து ஃபாண்டம் 2, காண்டினென்டல் ரகம். 1929 முதல் 1935 வரை மொத்தம் 1,681 ஃபாண்டம் 2 அடிச்சட்டங்கள் செய்யப்பட்டன. அவற்றில் காண்டினென்டல் 281 மட்டும். நீளம் சற்றுக் குறைத்து, வேகமாக நெடுந்தூரம் போவதற்கென்றே அமைத்தது. ஆறு சிலிண்டர், 7,668 சி.சி. எஞ்சின். ஹென்றி ராய்ஸ் 1933 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் மேற்பார்வையில் உருவான கடைசிப் பெரிய கார் இதுதான்.

உடலைக் கட்டியது லண்டனில் இருந்த த்ரப் அண்ட் மேபர்லி. 18ஆம் நூற்றாண்டில் குதிரைச் சாரட்டு செய்து பழகிய பட்டறை அது. 'எல்லாப் பருவத்துக்கும்' என்று அவர்கள் பெயர் வைத்த அமைப்பில் கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். ஊர்வலம், வேட்டை என்றால் திறந்த வண்டி. மழையோ புழுதியோ வந்தால் கூரையை இழுத்துப் பூட்டி, பக்கக் கண்ணாடிகளைச் சுழற்றி ஏற்றிவிட்டால் மூடிய வண்டி. கத்தியவாரின் வெயிலையும் புழுதிக்காற்றையும் நம் திருப்புவனம், மானாமதுரைப் பக்கத்துக் கோடையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரின் நிறம் காவியும் மஞ்சளும் கலந்தது. சமஸ்தானச் சின்னம் பொறித்தது. முன்னால் விளக்குகள் ஒன்றிரண்டோடு நிற்காமல் வரிசையாக இருக்கும். பிற்காலத்தில் அதற்கு நிலைத்துவிட்ட பெயர் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'.

இந்தக் காரை ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் சிறு நெம்புகோல்கள் இருக்கும். தீப்பொறி முந்துவதா பிந்துவதா என்பதற்கு ஒன்று, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவுக்கு ஒன்று, கையால் வேகம் கூட்ட ஒன்று. காலையில் வண்டியை எடுக்கும் முன் டிரைவர் காலடியில் உள்ள ஒரு மிதிகட்டையை மிதிப்பார். மெல்லிய குழாய்கள் வழியாக வில் பட்டைகளின் மூட்டு மூட்டாக எண்ணெய் போய்ச் சேரும். மற்ற வண்டிகளில் கிளீனர் பையன் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாக கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய சௌகரியம். பிரேக்குக்கு வேண்டிய பலத்தை ஓடும் வண்டியின் கியர்பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஒரு மனிதன் கால் பலத்தால் நிறுத்திவிட முடியாதல்லவா? பெட்ரோல் விஷயத்தில் மட்டும் தாராளம். காலனுக்குப் பத்து, பன்னிரண்டு மைல் கொடுத்தால் அதிகம்.

இதை வாங்கியவர் தர்மேந்திரசிங்ஜி. அப்போது வயது 24. ஏல விளம்பரங்களில் அவரை 'மகாராஜா' என்று போடுகிறார்கள். அவருடைய பட்டம் தாக்கூர் சாகேப். ஒன்பது குண்டு மரியாதை பெற்ற சின்னச் சமஸ்தானம் ராஜ்கோட். பரப்பு 282 சதுர மைல், ஜனத்தொகை சுமார் 75,000. அன்றைய மதுரை நகர ஜனத்தொகையில் பாதிகூடக் கிடையாது. மைசூரும் ஹைதராபாத்தும் ரோல்ஸ்ராய்ஸ் வாங்கியதையும், இந்த அளவு ஊர் ரோல்ஸ்ராய்ஸ் வாங்கியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அப்பா லாகாஜிராஜ் வேறு மாதிரி. 1923இலேயே தேர்தல் மூலம் பிரஜா பிரதிநிதி சபை ஏற்படுத்தி, குடிமக்கள் பேச்சைக் கேட்டவர். காந்தியிடம் மரியாதை உள்ளவர். 1930இல் அவர் காலமானபோது மகன் கைக்கு வந்தது நல்ல பெயரோடு கூடிய கஜானா. மகன் கேளிக்கைப் பிரியர். திவான் வீராவாலா ராஜ்ய காரியங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டார். கஜானா வறண்டது. வரி ஏறியது. தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி, சினிமா லைசென்ஸ் என்று ஒவ்வொன்றின் ஏகபோகமும் வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. விலை ஏறியது. பிரதிநிதி சபை கூடாமலே காலாவதியானது. ரோல்ஸ்ராய்ஸ் வாங்குவதற்காகவே தீப்பெட்டியை விற்றார்கள் என்று எழுதினால் அது கதை கட்டுவதாகும். ஆனால் இரண்டுக்கும் கஜானா ஒன்றுதான். அதை நிரப்பியவர்களும் அதே ஜனங்கள்தான். சமஸ்தானச் சின்னத்தில் இருந்த வாசகத்துக்கு, எல்லாச் சமயத்தாரையும் பாரபட்சமின்றி ஆள்பவன் என்று பொருள்!

1936இல் சமஸ்தானப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹார்விமில் வேலைநிறுத்தங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புரியும். 1938 ஆகஸ்டில் கோகுலாஷ்டமித் திருவிழாச் சந்தையில் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்ததை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்மேல் தடியடி. அதிலிருந்து பற்றிக்கொண்டது. சமஸ்தானப் பவர்ஹவுஸ் மின்சாரம் வேண்டாம், சமஸ்தானத் துணி வேண்டாம் என்று ஊரே ஒதுக்கியது. சர்தார் படேல் வந்து சேர்ந்தார். டிசம்பர் 26 அன்று தாக்கூர் சாகேப் இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார். சீர்திருத்தத்துக்குப் பத்துப் பேர் கமிட்டி, அதில் ஏழு பெயர்களைப் படேல் சொல்வார் என்பது ஒப்பந்தம். அரண்மனைச் செலவுக்கும் ஒரு வரம்பு கட்டச் சம்மதித்தார். பட்டியல் வந்ததும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

இங்கேதான் காந்தி நுழைகிறார். அவருடைய தகப்பனார் கரம்சந்த் இதே ராஜ்கோட்டின் திவானாக இருந்தவர். கொடுத்த வாக்கை மீறுவது இன்னொரு சமஸ்தானத்தில் நடந்திருந்தால் அவரை இந்த அளவு சுட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முதலில் கஸ்தூரிபா போய்க் கைதானார். பிப்ரவரி கடைசியில் காந்தியே போனார். மார்ச் 3 மத்தியானம் ராஷ்டிரிய சாலையில் உண்ணாவிரதம் தொடங்கினார். வைஸ்ராய் லின்லித்கோ தலையிட்டு, விவகாரத்தைத் தலைமை நீதிபதி மாரிஸ் க்வயர் தீர்ப்புக்கு விடுவதாகச் சொன்னபின் 7ஆம் தேதி முடித்தார்.

அந்த நாலு நாளின் விலை பெரியது. அதே சமயத்தில் திரிபுரியில் காங்கிரஸ் மகாநாடு. ஜனவரியில் பட்டாபி சீதாராமையாவை 1,580க்கு 1,377 என்ற கணக்கில் தோற்கடித்து இரண்டாம் முறை தலைவரான சுபாஷ் போஸ் அங்கே காய்ச்சலோடு கிடக்கிறார். சமாதானம் செய்யக்கூடிய ஒரே ஆள் ராஜ்கோட்டில். காந்தியின் விருப்பப்படியே காரியக் கமிட்டியை அமைக்கவேண்டும் என்ற பந்த் தீர்மானம் நிறைவேறியது, ஏப்ரல் கடைசியில் போஸ் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் அவர் மதுரைக்கு வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் திரட்டிய கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். தென்மாவட்ட அரசியல் பிரிந்த பாதைக்கு ராஜ்கோட்டும் ஒரு காரணம் என்பதை மட்டும் பேசுவதில்லை.

க்வயர் தீர்ப்பு ஏப்ரல் 3 அன்று படேலுக்குச் சாதகமாகவே வந்தது. வீராவாலா சும்மா இருக்கவில்லை. முஸ்லிம்கள், நிலக்கிழார்களான கிராசியாக்கள் என்று ஒவ்வொரு தரப்பாகத் தனித் தனி இடம் கேட்கவைத்தார். ஒடுக்கப்பட்டோருக்குப் பிரதிநிதித்துவம் கேட்டு அம்பேத்கரும் ராஜ்கோட் வந்து காந்தியைப் பார்த்தார். மே மாதம் காந்தி, உண்ணாவிரதத்தோடு வைஸ்ராயின் அதிகாரத்தையும் சேர்த்துப் பிடித்தது தம் தவறு என்று அறிவித்துத் தீர்ப்பையே விட்டுக்கொடுத்தார். கணக்குப் பார்த்தால் ஜெயித்தது ரோல்ஸ்ராய்ஸ் சொந்தக்காரர்தான். ஜெயித்ததை அனுபவிக்க ஒரு வருஷம்தான் கிடைத்தது. 1940 ஜூனில் கிர் காட்டுப் பக்கம் சிங்க வேட்டைக்குப் போன இடத்தில் தர்மேந்திரசிங்ஜி இறந்தார். வயது 30.

காரும் பட்டமும் தம்பி பிரத்யும்னசிங்ஜிக்கு வந்தன. யுத்த காலம் அது. பெட்ரோலுக்கு ரேஷன். இங்கே சுந்தரம் அய்யங்கார் கரிவாயு பிளாண்ட் செய்து பஸ்களின் முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

1948 பிப்ரவரியில் கத்தியவாரின் இருநூற்றுச் சொச்சம் சமஸ்தானங்களும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்தன. தலைநகர் ராஜ்கோட். முதல்வர் யு.என். தேபர். சேரும்போது ஒவ்வொரு மன்னரும் எது அரசாங்கச் சொத்து, எது தன் சொந்தச் சொத்து என்று பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரி, கச்சேரி, ரஸ்தா எல்லாம் சர்க்காருக்கு. கார்கள் அரண்மனைக்கு. ரோல்ஸ்ராய்ஸ் ரஞ்சித் விலாஸ் அரண்மனைக் கொட்டகையிலேயே நின்றது. நம் பக்கமும் இதேதான். 1948 சட்டப்படி 1949இல் ராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது நிலவரி போனது, அரண்மனைச் சாமான்கள் தங்கின. இந்தப் பட்டியல் போடும் வேலையை நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்தியாவின் பழைய ஆடம்பரக் கார்களில் பல இன்று தனியார் கையில் சட்டப்படி இருப்பதற்கு ஆதாரம் அந்தக் காகிதம்தான்.

கொட்டகையில் நின்ற கார் 1968இல் சீமைக்குப் போனது. வாங்கியவர் பில் மெரிடித்-ஓவன்ஸ் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர். 'நம் பொக்கிஷத்தைக் கொள்ளை கொண்டுபோனார்கள்' என்று இதை எழுதுகிறவர்கள் அந்த வருஷத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மன்னர் மானியத்தை நிறுத்தவேண்டும் என்று அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 1967 ஜூனில் தீர்மானம் போட்டுவிட்டது. 1957 முதலே சொத்து வரி உண்டு. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்ததில், ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 33 காசு என்றிருந்தது 21 ரூபாய் ஆனது. அடுத்த வருஷ நவம்பரில் பவுனும் இறங்கி 18 ரூபாய்க்கு வந்தது. அப்படியும் பவுன் வைத்திருந்தவனுக்கு இந்தியாவில் எல்லாமே மலிவு. இங்கே ஓடியவை அம்பாசடர், ஃபியட், நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரோல்ஸ்ராய்ஸுக்கு ஒரு டயர் வேண்டுமென்றால் இறக்குமதி லைசென்ஸுக்கு டில்லி வரை நடக்க வேண்டும். ஆக, மானியம் நின்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், ஓடாத காருக்குச் செலவு இன்னொரு பக்கம். விற்றார்கள். 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம் மானியத்தை ஒழித்தபோது மற்ற அரண்மனைக் கொட்டகைகளும் திறந்தன. பழங்கார் ஏற்றுமதிக்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதிப்பதற்குள் நல்ல கார்களில் கணிசமானவை கப்பல் ஏறிவிட்டன.

ஐரோப்பாவில் அந்தக் கார் கண்காட்சிப் பொருளாயிற்று. 'மகாராஜா கார்' என்ற பெயரே அதற்கு விலையை ஏற்றியது. சீமையில் வாங்கி அங்கேயே ஓடிய அதே ஃபாண்டம் 2 ஒன்றுக்குக் கிடைக்காத மவுசு, சிங்க வேட்டைக் கதையும் காவி வண்ணமும் சேர்ந்த இதற்குக் கிடைத்தது. குடிமக்கள் தீப்பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுத்த கதையை எந்த ஏலப் புத்தகமும் சேர்ப்பதில்லை.

திரும்பி வந்தது 2010 வாக்கில். வாங்கியவர் மாந்தாதாசிங் ஜடேஜா, விற்ற பிரத்யும்னசிங்ஜியின் பேரன். அவருடைய தகப்பனார் மனோகர்சிங்ஜி ரஞ்சிக் கோப்பை ஆடியவர், காங்கிரஸ்காரர், குஜராத்தில் நிதி மந்திரியாக இருந்தவர். 2018இல் காலமாகும் முன், பெரியப்பா வாங்கிய காரை அரண்மனைக்குள் மறுபடி பார்த்துவிட்டுப் போனார்.

இதைப் பத்திரிகைகள் 'வீடு திரும்பிய பொக்கிஷம்' என்று கொண்டாடின. எனக்கு அதில் பாதிச் சம்மதம். வந்தது நல்லது. லண்டனில் கட்டிய காராக இருந்தாலும் அதன் சரித்திரம் நடந்தது இங்கேதான். மீதிப் பாதிக்குச் சம்மதிக்க முடியாததன் காரணத்தை மேலே எழுதிவிட்டேன். தர்மேந்திரசிங்ஜி, பிரத்யும்னசிங்ஜி, மெரிடித்-ஓவன்ஸ், மாந்தாதாசிங் என்று போகும் சொந்தக்காரர் வரிசையில் 1934இல் பணம் கொடுத்த 75,000 பேருக்கு ஒரு வரிகூட இல்லை. ராஜ்கோட்டில் காந்தி படித்த ஆல்ஃபிரட் ஹைஸ்கூலை 2018இல் அருங்காட்சியகமாக்கினார்கள். அந்தக் கார் ஒரு நாளாவது அங்கே, சத்தியாக்கிரகப் படங்களுக்குப் பக்கத்தில் நின்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் மிச்சம்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வயது தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021 முதல் 'வி.ஏ.' எழுத்து சேர்ந்த தனிப் பதிவு எண் கொடுக்கிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் எந்த வீட்டுக் கொட்டகையிலாவது தாத்தா காலத்து வண்டி நின்றால், அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஆர்.சி. புத்தகத்தையும், யுத்தகாலப் பெட்ரோல் கூப்பனையும், பட்டறை ரசீதுகளையும் தனியே எடுத்து வையுங்கள். வண்டி போனாலும் போகட்டும், காகிதத்தை விட்டுவிடாதீர்கள். யார் வாங்கினார், யார் பணத்தில் வாங்கினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்த வாரம்: பஸ்களின் முதுகில் ஏறிய கரிவாயு பிளாண்ட்.

(தொடரும்)